கால் மில்லிமீட்டரின் கணக்கு

1900-களின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தில் எண்ணெய் இன்ஜினைக் கிணற்றுப் பாசனத்துக்குக் கொண்டுவர முனைந்து உழைத்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பின்னாளில் கடலூர், சிதம்பரம் வட்டார வயல்களிலும் டீசல் பம்ப்செட் ஒலித்தது.

இன்ஜின் வந்தால் தேய்மானமும் வரும்.

பரவலாகப் புழங்கிய 5 குதிரைத்திறன் ரகம் ஒன்றில் சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 110 மி.மீ.; கொள்ளளவு சுமார் 553 சி.சி. தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் போரிங் செய்து விட்டத்தை 80.5 மி.மீ. ஆக்கினால், சுற்றிலும் கால் மி.மீ. மட்டுமே உரிகிறது. ஆனால் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே சுமார் 560 சி.சி. ஆகிவிடும். சிலிண்டரின் மூடியான ஹெட்டைச் சீவினாலோ எரியறை சுருங்கி அழுத்த விகிதம் ஏறும்.

பட்டறையில் மட்டுமல்ல, ஆய்வகத்திலும் இத்தகைய இன்ஜின்களுக்கு இடமுண்டு. சிதம்பரத்தில் 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945-ல் பொறியியல் கல்வி தொடங்கியது. அதன் ஆய்வகங்களில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின்களில் தாவர எண்ணெய் எரிபொருள்களும் சோதிக்கப்பட்டிருக்கின்றன.