மண்டேலா நினைவஞ்சலி 2013: செல்ஃபி, கைகுலுக்கல், கூச்சல், சைகை மொழி சர்ச்சை – உலகம் எதைக் கவனித்தது? எது நிலைத்தது?

தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின அதிபரும் நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தின் தலைவருமான நெல்சன் மண்டேலாவுக்கு 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு விடையளித்த விதம், அண்மைக் கால வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட அரசு துக்க நிகழ்வுகளில் ஒன்றாகும். 90க்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் ஓரிடத்தில் கூடிய அந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரைகளைக் காட்டிலும், விருந்தினர்களின் நடத்தையே அடுத்த நாள் நாளிதழ்களின் முதல் பக்கங்களைப் பிடித்தது. அன்று எழுந்த சர்ச்சைகள் என்ன, அவற்றின் பின்னணி என்ன, பின்னர் நிகழ்ந்தவை என்ன என்பதை இத்தொகுப்பு விவரிக்கிறது.

பத்து நாள் துக்கம்

மண்டேலா 2013 டிசம்பர் 5ஆம் தேதி இரவு ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தமது இல்லத்தில் காலமானார். அவருக்கு வயது 95. அதைத் தொடர்ந்து அரசு நிகழ்வுகள் பின்வருமாறு நடைபெற்றன.

• டிசம்பர் 8: நாடு தழுவிய பிரார்த்தனை நாள்
• டிசம்பர் 10: ஜோகன்னஸ்பர்க் எஃப்.என்.பி. மைதானத்தில் நினைவஞ்சலிக் கூட்டம்
• டிசம்பர் 11 முதல் 13 வரை: தலைநகர் பிரிட்டோரியாவில் உள்ள யூனியன் கட்டடத்தில் பொதுமக்கள் அஞ்சலி
• டிசம்பர் 15: கிழக்கு கேப் மாகாணத்தின் குனு கிராமத்தில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம்

நினைவஞ்சலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மைதானமும் நாளும் மண்டேலாவின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை. 1990இல் சிறையிலிருந்து விடுதலையான சில நாள்களில் அவர் மாபெரும் மக்கள் கூட்டத்தில் உரையாற்றிய இடம் அது. 2010 உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டியின்போது அவர் பொதுவெளியில் கடைசியாகத் தோன்றியதும் அங்கேதான். டிசம்பர் 10, அவரும் எஃப்.டபிள்யூ. டி கிளார்க்கும் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றுக்கொண்டதன் 20ஆம் ஆண்டு நிறைவு நாளாகும்.

சொந்த நாட்டு அதிபருக்கு எதிராகக் கூச்சல்

அன்று காலை முதலே பலத்த மழை பெய்தது. சுமார் 95,000 பேர் அமரக்கூடிய மைதானத்தில் பல இருக்கைகள் காலியாக இருந்தன. வந்திருந்தோர் நனைந்தபடியே போராட்டக் காலப் பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தனர். கூட்டத்தை வழிநடத்திய, ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர் சிரில் ரமபோசா, ஒருவரை வழியனுப்பும் நாளில் மழை பெய்வது முன்னோர் அவரை வரவேற்பதன் அடையாளம் என்பது ஆப்பிரிக்க மரபு என்று சுட்டிக்காட்டினார்.

ஆனால், மைதானத்தின் பெரிய திரைகளில் அதிபர் ஜேக்கப் ஜூமாவின் முகம் தோன்றிய ஒவ்வொரு முறையும் மக்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்ப்பைத் தெரிவித்தனர். அதே கூட்டம் முன்னாள் அதிபர் தாபோ எம்பெக்கியையும், வெள்ளையர் ஆட்சியின் கடைசி அதிபரான டி கிளார்க்கையும் ஆரவாரத்துடன் வரவேற்றது. ஒழுங்கு காக்குமாறு மேடையிலிருந்து விடுக்கப்பட்ட வேண்டுகோள்கள் முழுப் பலன் தரவில்லை. இறுதியில் ஆசி வழங்க வந்த பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ, குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி வேண்டும் என்று கண்டிப்புடன் கூறிய பின்னரே அரங்கம் அடங்கியது.

என்காண்ட்லாவில் உள்ள ஜூமாவின் சொந்த இல்லத்தை மேம்படுத்த அரசுப் பணம் செலவிடப்பட்ட விவகாரம் அப்போது அந்நாட்டில் கொதிநிலையில் இருந்தது. உலகத் தலைவர்கள் முன்னிலையில் நாட்டின் மானம் போய்விட்டது என்று ஒரு சாரார் வருந்தினர். மண்டேலா பெற்றுத் தந்த சுதந்திரத்தையே மக்கள் அன்று பயன்படுத்தினர் என்று மற்றொரு சாரார் வாதிட்டனர்.

இரண்டாம் வாதத்துக்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. நிறவெறி ஆட்சியில் அரசியல் கூட்டங்கள் தடை செய்யப்பட்டிருந்தபோது, கொல்லப்பட்ட போராளிகளின் இறுதி ஊர்வலங்களே மக்கள் கூடிப் பேசும் களங்களாக விளங்கின. 1977இல் காவலில் உயிரிழந்த ஸ்டீவ் பிக்கோவின் இறுதிச் சடங்கில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. துக்க மேடையில் அரசியல் பேசுவதை அவமரியாதையாகக் கருதாத மரபு தென்னாப்பிரிக்காவில் அவ்வாறு உருவானது.

ஒபாமா உரை: பாராட்டும் விமர்சனமும்

அன்றைய இரங்கல் உரைகளில் மிகப்பெரும் வரவேற்பைப் பெற்றது அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் உரை. காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங், ஆபிரகாம் லிங்கன் ஆகியோரின் வரிசையில் மண்டேலாவை வைத்துப் பேசிய அவர், மனிதர்கள் ஒருவரால் ஒருவர் வாழ்கின்றனர் என்ற பொருளுடைய 'உபுண்டு' என்னும் ஆப்பிரிக்கக் கோட்பாட்டை விளக்கினார். மண்டேலாவைக் குறையற்ற சிலையாக்கிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார்.

மண்டேலாவின் போராட்டத்தோடு உறவு கொண்டாடும் தலைவர்கள் பலர், தம் நாட்டு மக்களின் மாற்றுக் கருத்தைச் சகித்துக்கொள்வதில்லை என்று அவர் கூறியது அதிகம் விவாதிக்கப்பட்டது. கியூபா அதிபர் ராவுல் காஸ்ட்ரோவும் ஜிம்பாப்வே அதிபர் ராபர்ட் முகாபேயும் அப்போது அரங்கில் இருந்தனர். அதே அளவுகோலை ஒபாமா தம் அரசுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று விமர்சகர்கள் குவாண்டனாமோ சிறையையும், அவ்வாண்டு அம்பலமான தொலைத்தொடர்புக் கண்காணிப்பையும் சுட்டிக்காட்டினர். அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மண்டேலாவின் பெயர் 2008ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு கைகுலுக்கல்

மேடைக்குச் செல்லும் வழியில் ஒபாமா, ராவுல் காஸ்ட்ரோவுடன் கைகுலுக்கினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பகை நாடுகளாக இருந்த அமெரிக்கா, கியூபா ஆகியவற்றின் தலைவர்கள் பொதுவெளியில் கைகுலுக்கிய அக்காட்சி உலகெங்கும் ஒளிபரப்பானது. இது முன்கூட்டியே திட்டமிடப்பட்டதன்று என வெள்ளை மாளிகை விளக்கம் அளித்தது. குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஜான் மெக்கெய்ன், ஹிட்லருடன் பிரிட்டன் பிரதமர் நெவில் சேம்பர்லின் கைகுலுக்கியதோடு இதை ஒப்பிட்டுச் சாடினார்.

தென்னாப்பிரிக்கர்களுக்கோ காஸ்ட்ரோ அந்த மேடையில் அந்நியர் அல்லர். அங்கோலாவில் நிறவெறி அரசின் படைகளுக்கு எதிராகப் போரிட்டவை கியூபப் படைகள். அதற்கு நன்றி கூற மண்டேலா 1991இல் கியூபாவுக்கே சென்றார்.

நினைவஞ்சலி நடந்த நேரத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் பல மாதங்களாக இரகசியப் பேச்சு நடத்தி வந்தனர் என்பது பின்னரே வெளியானது. தூதரக உறவை மீண்டும் ஏற்படுத்தும் அறிவிப்பு 2014 டிசம்பர் 17 அன்று வெளியிடப்பட்டது.

செல்ஃபி: படம் சொன்னதும் சொல்லாததும்

டென்மார்க் பிரதமர் ஹெல்லி தார்னிங் ஷ்மிட், தமக்கு இருபுறமும் அமர்ந்திருந்த ஒபாமாவையும் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனையும் சேர்த்துக் கைப்பேசியில் செல்ஃபி எடுத்தார். அக்காட்சியை ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் ராபர்டோ ஷ்மிட் படம் பிடித்தார். சற்றுத் தள்ளி, இறுகிய முகத்துடன் அமர்ந்திருந்த மிஷெல் ஒபாமாவும் அதில் பதிவானார். 'செல்ஃபி' என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சிறந்த சொல்லாக அறிவித்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இரங்கல் கூட்டத்தில் கேளிக்கையா என்ற கண்டனம் பல நாடுகளில் எழுந்தது. மிஷெலின் முகபாவத்தை வைத்துக் கேலிச் சித்திரங்களும் ஊகங்களும் பரவின. படத்தை எடுத்தவரோ அந்த ஊகங்களை மறுத்தார். சில நொடிகளுக்கு முன்பு மிஷெலும் அருகிலிருந்தவர்களுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், இறுகிய தோற்றம் தற்செயலாக அமைந்தது என்று அவர் எழுதினார். அரங்கமே ஆடிப் பாடிக்கொண்டிருந்த சூழலில் தலைவர்களின் செயல் பொருத்தமற்றதாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும் விளக்கினார்.

கேமரூன் மறுநாள் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இதை நகைச்சுவையாகக் கடந்து சென்றார். தொழிலாளர் கட்சியின் முன்னாள் தலைவர் நீல் கின்னக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவர் படம் எடுக்க அழைத்தபோது இசைவதே பண்பு என அவர் கூறினார். தார்னிங் ஷ்மிட், நீல் கின்னக்கின் மருமகள் ஆவார்.

சைகை மொழிபெயர்ப்பு: மேடையில் நடந்த பிழை

உலகத் தலைவர்கள் கவனிக்காத ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்த செவித்திறன் குறைபாடுடையோர் உடனே கண்டுபிடித்தனர். ஒபாமா உள்ளிட்டோரின் அருகே நின்று சைகை மொழியில் பெயர்த்தவர் காட்டிய சைகைகளுக்குப் பொருளே இல்லை. கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, செவித்திறன் குறைபாடுடைய நாடாளுமன்ற உறுப்பினர் வில்மா நியூஹௌட், அவரை மேடையிலிருந்து அகற்றுமாறு சமூக வலைத்தளத்தில் கோரினார். ஆயினும் நிகழ்ச்சி தொடர்ந்து நடைபெற்றது. சைகைகள் பொருளற்றவை என்பதைத் தென்னாப்பிரிக்க செவித்திறன் குறைபாடுடையோர் கூட்டமைப்பு பின்னர் உறுதிப்படுத்தியது.

மேடையில் மனநோயின் தாக்கத்துக்கு ஆளானதாக அந்த நபர் பின்னர் கூறினார். தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்ட அரசு, பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கோரியது. உலகம் இதைப் பாதுகாப்புக் குறைபாடாகவும் கேலிக்குரிய செய்தியாகவும் பேசியது. செவித்திறன் குறைபாடுடையோருக்கோ, தங்கள் தலைவருக்கான இரங்கல் உரைகளுள் ஒன்றைக்கூட அறிய முடியாமல் போன இழப்பு அது.

இந்தியாவின் அஞ்சலி

மண்டேலாவின் மறைவுக்கு இந்தியா ஐந்து நாள் அரசு துக்கம் அனுசரித்தது. குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தலைமையிலான குழுவில் சோனியா காந்தி, சுஷ்மா ஸ்வராஜ் உள்ளிட்ட ஆளும் கட்சி, எதிர்க்கட்சித் தலைவர்கள் இடம்பெற்றனர். அன்று உரையாற்ற அழைக்கப்பட்ட சில வெளிநாட்டுத் தலைவர்களுள் பிரணாப் முகர்ஜியும் ஒருவர். மண்டேலாவின் வாழ்வைக் காந்தியடிகளின் அறப்போராட்ட நெறியுடன் இணைத்து அவர் பேசினார். நிறவெறியை எதிர்த்து 1946ஆம் ஆண்டிலேயே தென்னாப்பிரிக்காவுடனான வர்த்தக உறவைத் துண்டித்த நாடு இந்தியா. மண்டேலாவுக்கு 1990இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

குனுவில் ஒலித்த குரல்

டிசம்பர் 15 அன்று மண்டேலா வளர்ந்த குனு கிராமத்தில் நடந்த இறுதி நிகழ்வு முற்றிலும் வேறுவிதமாக அமைந்தது. அவரது வயதைக் குறிக்க 95 மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன. ஜாம்பியாவின் முன்னாள் அதிபர் கென்னத் கவுண்டா 89 வயதிலும் மேடைக்குத் துள்ளி ஓடிவந்து துக்கத்திலிருந்தோரைச் சிரிக்க வைத்தார். அதை யாரும் குறை கூறவில்லை.

அன்று பலரைக் கண்கலங்கச் செய்தது இந்திய வம்சாவளியினரான அகமது கத்ராடாவின் உரை. ரிவோனியா வழக்கில் மண்டேலாவுடன் ஆயுள் தண்டனை பெற்று ராபன் தீவில் சிறையிருந்தவர் அவர். வால்டர் சிசுலு மறைந்தபோது தந்தையை இழந்ததாகவும், இப்போது அண்ணனை இழந்துவிட்டதாகவும், இனி யாரிடம் செல்வது எனத் தெரியவில்லை என்றும் தழுதழுத்த குரலில் கூறினார். குடும்பத்தினரின் விருப்பப்படி, நல்லடக்கத்தின் இறுதிக் கணங்கள் ஒளிபரப்பப்படவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை

என்காண்ட்லா விவகாரத்தில் ஜூமா அரசியல் சட்டத்தைக் காக்கத் தவறினார் என்று அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2016 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதையடுத்து அவர் பதவி விலக வேண்டும் எனக் கத்ராடா பகிரங்கக் கடிதம் எழுதினார். 2017 மார்ச்சில் கத்ராடா மறைந்தபோது, குடும்பத்தினரின் விருப்பத்துக்கிணங்க ஜூமா இறுதிச் சடங்கில் பங்கேற்கவில்லை. அங்கே முன்னாள் அதிபர் கலேமா மொட்லாந்தே தமது இரங்கல் உரையில் அக்கடிதத்தின் வரிகளைப் படித்தபோது, கூடியிருந்தோர் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர். ஜூமா 2018 பிப்ரவரியில் பதவி விலகினார். அவரைத் தொடர்ந்து சிரில் ரமபோசா அதிபரானார்.

தென்னாப்பிரிக்க சைகை மொழியை அந்நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியாக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தில் ரமபோசா 2023 ஜூலை 19 அன்று கையெழுத்திட்டார். செவித்திறன் குறைபாடுடையோர் அமைப்புகள் நீண்ட காலமாக முன்வைத்து வந்த கோரிக்கை அது.