நோயுறும் இரை–கொன்றுண்ணி மாதிரிகள்

இரை, கொன்றுண்ணி, நோய் மூன்றையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் வைத்துப் பார்க்கும் கணிதமுறை. லோட்கா (1925), வோல்தெரா (1926) ஆகியோரின் இரை–கொன்றுண்ணிச் சமன்பாடுகளும், 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் தந்த தொற்றுநோய் மாதிரியும் இதற்குத் தாய்வீடு.

இரையை நலமுள்ளவை, நோய் தொற்றியவை எனப் பிரிப்பதுதான் எளிய மாற்றம். நோய் தொற்றியது கொன்றுண்ணியிடம் சீக்கிரம் சிக்கும். கலிபோர்னியக் கழிமுகங்களில், மூளையில் ஒட்டுண்ணி ஏறிய கில்லி மீன்கள் மேற்பரப்பில் துள்ளிப் புரண்டு, மற்றவற்றைவிட 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பறவைகளுக்கு இரையாயின. ஒட்டுண்ணிக்கு வேண்டியதும் அதுவே. அதன் அடுத்த வீடு பறவையின் குடல்.

நோய் கொன்றுண்ணியையும் விடுவதில்லை. அமெரிக்காவின் ஐல் ராயல் தீவில் 1980இல் 50 ஓநாய்கள். பார்வோ வைரஸ் பரவியபின், 1982இல் 14. அடுத்த ஆண்டுகளில் அவற்றின் இரையான மூஸ் மான்கள் பெருகின. 1996இல் கடுங்குளிரிலும் பட்டினியிலும் அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன.