கல் எடுத்த பள்ளம்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் ஒரு சின்னத் தீவு. அதன் பெயர்தான் ஒரு நாட்டுக்கே பெயரானது: மொசாம்பிக். தீவுக்கு அந்தப் பெயர் வந்தது அங்கே ஆட்சி செலுத்திய ஒரு முஸ்லிம் வணிகத் தலைவனால் என்கிறார்கள். மூசா பின் பிக்கி என்று அவன் பெயரைச் சொல்கிறார்கள். அதே பெயர் இன்னொரு இடத்திலும் ஒட்டிக்கொண்டது. மொரீஷியஸ் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்து அடிமை ஆவணங்களில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் 'மொசாம்பிக்' என்று எழுதினார்கள். அவன் மக்குவாவா, யாவோவா, எந்த ஊரு, அம்மா பேரு என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத சங்கதி. எந்தப் பக்கத்துத் துறையில் ஏற்றினார்களோ அதுவே அவனுக்கு இனம். இந்த விவரத்துக்கு அவர்கள் வைத்த பிரெஞ்சுச் சொல் 'காஸ்ட்'. சாதியைக் குறிக்க வெள்ளைக்காரன் நம்மேல் ஒட்டிய அதே சொல்தான்.

நான் படித்தது எம்.ஏ. தமிழ். வரலாற்றுத் துறைக்காரர்களின் அனுமதியை எதிர்பார்த்து இதை எழுதவில்லை. அந்தக் கரையைப் பற்றி எதைப் புரட்டினாலும் 1498இல் வாஸ்கோ ட காமா வந்தார் என்றுதான் கதை தொடங்குகிறது. நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் கள்ளிக்கோட்டைக்கு வருகிற வழியில் அது ஒரு புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளியில் இருந்தவர்கள் யாரு? கோட்டையைக் கட்டினான் போர்ச்சுகீசியன்ங்கிறான். கல்லைச் சுமந்தது யாரு? இந்தக் கேள்வியோடு அந்த மண்ணைப் பார்க்கலாம்.

மொசாம்பிக் நாட்டின் வடபகுதியில் நம்புலா மாகாணம். அதன் கடற்கரையில் மொசுரில் மாவட்டம். அலையாத்திக் காடுகளும் தென்னந்தோப்புகளும் பவளப்பாறைக் கரையும் உள்ள விரிகுடா நிலம். கபசெய்ரா என்ற நாக்கு மாதிரியான நிலம் கடலுக்குள் நீண்டிருக்கிறது. விரிகுடா வாயில்தான் அந்தத் தீவு. நீளம் சுமார் 3 கிலோமீட்டர். அகலம் அரைக் கிலோமீட்டர்கூடத் தேறாது. இப்போது தனி மாவட்டமாக எண்ணப்பட்டாலும் தீவும் கரையும் ஒரே உடம்பு. சோறும் விறகும் ஆளும் கரையிலிருந்துதான் தீவுக்குப் போனது. அதிகாரம் தீவிலிருந்து கரைக்கு வந்தது. 1960களில் கட்டிய மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு பாலம் இன்று இரண்டையும் சேர்க்கிறது.

1898இல் தலைநகரம் தெற்கே லூரென்சோ மார்கிஸுக்கு, அதாவது இன்றைய மபூட்டோவுக்கு, மாறும் வரைக்கும் போர்ச்சுகீசிய ஆட்சியின் தலைமையிடம் இந்தத் தீவுதான். வடமுனையில் சான் செபாஸ்டியான் கோட்டை. 1558இல் வேலை தொடங்கி பல பத்தாண்டுகள் நடந்தது. 1607இலும் 1608இலும் டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டும் அதைப் பிடிக்க முடியவில்லை. கோட்டையை அடுத்து மாளிகை, தேவாலயம், சுங்கச்சாவடி, வணிகர் வீடுகள். இதைக் கல் நகரம் என்கிறார்கள். தெற்குப் பாதியில் நெருக்கியடித்த குடிசைகள். மக்கூட்டி நகரம் என்று அதற்குப் பெயர். மக்கூட்டி என்றால் தென்னங்கீற்று. தீவு மக்களில் பெரும்பாலோர் இந்தத் தெற்குப் பாதியில்தான் இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மக்கூட்டி நகரம் தெருமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. தெருவில் நடப்பவன் வீடுகளின் கூரையைத் தன் கண் மட்டத்தில் பார்க்கிறான். வீட்டுக்குப் போக இறங்கிப் போகணும். இயற்கையா அப்படி அமைஞ்ச தாழ்வு இல்லை அது. வடக்கே கல் நகரம் கட்டுவதற்குத் தெற்கேதான் பவளச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுத்தார்கள். எடுத்த இடம் பள்ளமானது. உழைக்கும் கறுப்பு மக்களுக்கு அந்தப் பள்ளம்தான் குடியிருப்பு. மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் வந்து தேங்கும். கொசுவும் நோயும் பின்னாடியே வரும். மேலே எத்தனை அடி எழும்பியதோ அதற்குக் கீழே தோண்டியிருக்கிறார்கள். ஒரு ஊரின் வரலாற்றை எழுத இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீரையும் பாருங்கள். தீவில் நல்ல தண்ணீர் ஊற்று கிடையாது. கல் வீட்டுக்காரன் தட்டையான மொட்டை மாடியில் விழும் மழையைக் கால்வாய் வழியாக இறக்கித் தொட்டியில் சேர்த்துக்கொண்டான். கோட்டைக்குள்ளும் பெரிய தொட்டி உண்டு. கீற்றுக் கூரை மழையைச் சேர்த்துத் தராது. ஒரே மழைதான். மாடியில் விழுந்தால் குடிநீர், பள்ளத்தில் விழுந்தால் வெள்ளம்.

இனி இந்தத் துறையில் ஏற்றுமதியானது என்ன? முதலில் தங்கம், யானைத் தந்தம். பிறகு மனிதர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் தோட்டங்களுக்காக வாங்கிப் போனார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியிலிருந்து பிரேசிலுக்கும் போனார்கள். வெள்ளைக்காரன் மட்டும் குற்றவாளி என்று எழுதிவிட்டால் நமக்கு வசதியாக இருக்கும். ஆனா உண்மை அது இல்லை. 1686இல் டையூ நகரத்து பனியா வணிகர்களின் கம்பெனிக்கு மொசாம்பிக் வணிகத்தில் தனியுரிமை கொடுக்கப்பட்டது. உள்நாட்டுக்குள் அடிமையும் தந்தமும் வாங்க நாணயமாக ஓடியது குஜராத்தில் நெய்த துணி. அந்தத் துணி இல்லாமல் இந்த வியாபாரம் நடந்திருக்காது. கரையோர சுவாகிலி ஷேக்குகளும் மக்குவா தலைவர்களில் பலரும் ஆளைப் பிடித்து விற்றார்கள். விற்கப்பட்டவர்களில் பெரும்பகுதி மக்குவா ஏழைகள். நிறம் ஒன்றாக இருந்தது என்பதால் யாரும் தப்பவில்லை.

1794 டிசம்பர் 3ஆம் தேதி சான் ஜோசே என்ற போர்ச்சுகீசியக் கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளோடு இந்தத் தீவிலிருந்து பிரேசிலின் மரன்யாவுக்குப் புறப்பட்டது. டிசம்பர் 27இல் கேப்டவுன் அருகே பாறையில் மோதி உடைந்தது. 212 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களை என்ன செய்தார்கள்? அங்கேயே திரும்ப விற்றுவிட்டார்கள். கப்பல் லிஸ்பனிலிருந்து கிளம்பும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புப் பாளங்களை ஏற்றியிருந்தது. காரணம் கேட்டால் வயிறு கலங்கும். மனிதச் சரக்கு எடை குறைவு, அசையும். கப்பல் ஆடாமல் இருக்க அடியில் இரும்பு வேண்டும். கடலடியில் கிடந்த அந்தப் பாளங்களும், கேப்டவுன் ஆவணக் காப்பகத்தில் இருந்த கப்பல் தலைவனின் வாக்குமூலமும் சேர்ந்துதான் அது எந்தக் கப்பல் என்று காட்டிக்கொடுத்தன. 2015இல் அதை உலகுக்கு அறிவித்தபோது மொசாம்பிக் மண்ணைக் கொண்டுபோய் அந்தக் கடலில் தூவினார்கள். 212 பேரில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. இரும்பின் எண்ணிக்கை கிடைத்தது.

1836இல் போர்ச்சுகல் அடிமை ஏற்றுமதியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. தீவில் இருந்த ஆளுநர் அதை நடைமுறைப்படுத்தவில்லை. வியாபாரம் வேறு பெயரில் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'சுதந்திரக் கூலி' என்று பெயர் வைத்து ஏற்றினார்கள். 1857இல் அப்படி ஆட்களை ஏற்றிய சார்ல்ஸ் எ ஜார்ஜ் என்ற கப்பல் தீவுக்கு வடக்கே பிடிபட்டது. அதன் தலைவனுக்குத் தண்டனையும் கிடைத்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸ் போர்க்கப்பல்களை லிஸ்பனுக்கு அனுப்பி மிரட்டி, கப்பலையும் திரும்ப வாங்கிக்கொண்டு நஷ்டஈடும் வாங்கியது. விற்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு யாரும் கொடுக்கவில்லை.

1869இல் அடிமைமுறையே ஒழிந்ததாக அறிவித்தார்கள். 1899இல் வந்த தொழிலாளர் சட்டம், 'சுதேசிகள்' உழைப்பது அவர்களின் கடமை என்றது. கூலி வேலைக்குப் போகாதவனைப் பிடித்துக் கட்டாய வேலைக்கு அனுப்பலாம். இதற்கு அந்த மக்கள் வைத்திருந்த சொல் சிபாலோ. 1938லிருந்து நம்புலாப் பகுதி விவசாயி தன் நிலத்தில் கட்டாயமாகப் பருத்தி போடணும், குறித்த விலைக்குக் குறித்த கம்பெனிக்குத்தான் விற்கணும். சோத்துக்கு மரவள்ளி போட நேரம் இல்லை. 1961 வரைக்கும் இது நீடித்தது.

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. மொசுரில் கரைக்கு உள்ளே இருந்த நமர்ராய் என்ற மக்குவா குழு தீவின் ஆட்சியை ஏற்கவே இல்லை. 1896 அக்டோபரில் ஆளுநர் மௌசின்யோ தானே படையோடு போய், முஜெங்காவில் காயப்பட்டுப் பின்வாங்கினார். மறு ஆண்டு மறுபடி போர். நமர்ராய் தலைவர்கள் அடிமை வியாபாரத்தில் லாபம் பார்த்தவர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எதிர்த்து நின்றவன் எல்லாரும் நம்மாளு இல்லை. அவனுக்குக் கீழேயும் ஒருத்தன் இருந்தான்.

இந்தக் கதை தமிழனைத் தொடுகிற இடமும் உண்டு. 1835இல் மொரீஷியஸில் அடிமைமுறை ஒழிந்தபோது மொசாம்பிக் ஆட்களின் இடத்தில் தோட்டத்துக்கு இறக்கப்பட்டவர்களில் சென்னையிலிருந்து போன நம் கூலிகளும் இருந்தார்கள். 1873லிருந்து பிரிட்டிஷ் கடற்படை அடிமைப் படகுகளில் மீட்ட மக்குவா மக்களை டர்பனில் இறக்கி, அங்கேயும் ஒப்பந்தக் கூலியாகவே வேலைக்கு விட்டது. நிறவெறி அரசுக்கு இவர்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. கறுப்பர், ஆனால் முஸ்லிம்கள். 1960களின் தொடக்கத்தில் 'பிற ஆசியர்' என்று முத்திரை குத்தி, இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டது. தமிழ்க் கூலியின் பேரனும் மக்குவா அடிமையின் பேரனும் அங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள். புலம்பெயர்ந்த தமிழர் பெருமை பேசுகிற கட்டுரைகளில் இந்தப் பக்கத்துத் தெரு வருவதில்லை.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால் 2024 ஏப்ரல் 7ஐச் சொல்லுங்கள். மொசுரில் மாவட்டத்தின் லுங்காவிலிருந்து தீவுக்கு ஒரு மீன்பிடிப் படகில் சுமார் 130 பேர் ஏறினார்கள். காலரா பரவுகிறது என்ற வதந்திக்குப் பயந்து ஓடியவர்கள். படகு கவிழ்ந்தது. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், குழந்தைகள் நிறையப் பேர். வதந்திதான் காரணம் என்றார்கள் அதிகாரிகள். நல்ல தண்ணியும் பக்கத்துல நம்பிக்கையான ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊர்ல வதந்திக்கு இவ்வளவு பலம் எப்படி வரும்? 2022 மார்ச்சில் கோம்பே புயலும், 2025 மார்ச்சில் ஜூட் புயலும் கரையேறியது இதே மொசுரிலில்தான். கீற்று பறந்தது யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

1991இல் யுனெஸ்கோ தீவு முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மக்கூட்டி நகரமும் சேர்த்திதான். ஆனால் விருந்தாளிக்குக் காட்டுவது கல் நகரத்தை. பதினாறாம் நூற்றாண்டில் இங்கே தங்கியிருந்த கவிஞர் கமாயிஷுக்குச் சிலை இருக்கிறது. கீற்று விலை ஏறியதால் பள்ளத்து மக்கள் தகரம் போடுகிறார்கள். அது பாரம்பரியத்தைக் கெடுக்கிறது என்று நிபுணர்கள் வருத்தப்படுகிறார்கள். நிபுணர்களிடம் நான் கேட்பது இது: கீற்று பாரம்பரியம் என்றால் பள்ளம் என்ன? மழைநீர் வடியவும் பள்ளம் மேடாகவும் யார் திட்டம் போடுவது? ஒழுகாத கூரை வேணும்னு கேட்கிறவளிடம் அழகைக் காப்பாற்றச் சொல்ல, கல்லை எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு வாய் கிடையாது.

அடுத்து யாராவது அந்தத் தீவின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் கோட்டை வாசலில் தொடங்க வேண்டாம். தெற்கே போய், தெருவிலிருந்து படியிறங்கி, கல் எடுத்த இடத்தில் நின்று எழுதட்டும்.