பாடப்புத்தகத்தில் இல்லாத படகுத் தொழிலாளி



நம் உப்பளம், வம்பாகீரப்பாளையம் கரையில் ஒரு காலத்தில் கட்டுமரம்தான். 1952-இல் நார்வேயுடன் போட்ட ஒப்பந்தத்தால் கேரளத்து நீண்டகரையில் விசைப்படகுத் திட்டம் தொடங்கியது. பிறகு நம் கரைக்கும் விசைப்படகு வந்தது.

அதில் வேலைக்குப் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். அதுவும் டீசல், ஐஸ் செலவு கழித்த பிறகு. மீன் படாவிட்டால் வெறுங்கை. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு.

ஒருமுறை டூப்ளே பாடம் நடத்தும்போது தூங்கிய பையனைத் திட்டிவிட்டேன். முந்தின இரவு படகில் வலை இழுத்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் செய்த வேலைக்கு எந்தப் புத்தகத்திலும் பாடம் இல்லை.

தம்பி, இதைப் படித்தால் என்னை மன்னித்துவிடு. உன் கதையைக் கீழே எழுது. உன் பிள்ளைகளும் படிக்கட்டும்.