சாவி யார் கையில்?

சேமிப்பு என்றவுடன் வட்டி எவ்வளவு என்று வினவுவதே உலக வழக்கு. கோல சிலாங்கூர் முதலிய வடசிலாங்கூர்த் தோட்டங்களின் சரித்திரத்தை நோக்குமிடத்து, அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டெனக் காண்கிறோம். சேமித்த பணத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே அது.

1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. மிஞ்சிய சில்லறை கங்காணியிடமும், கடைக்காரரிடமும், சீட்டிலும், நகையிலும் தங்கிற்று. செட்டியார் கிட்டங்கியில் வட்டிக்குப் போட்டோரும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மனிதரின் நாணயமே ஜாமீன்.

தபால் ஆபீஸ் சேமிப்பு வங்கிக்குச் சர்க்காரே ஜாமீனாக இருந்தது. வேண்டும்போது பணத்தை எடுக்க முடிந்தது. ஆயினும், எழுத்தறியாத தொழிலாளி அங்கேயும் பிறர் துணையை நாட வேண்டியிருந்தது. 1922ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் பின் தோன்றிய சிக்கன சங்கங்களிலோ, தொழிலாளியே அங்கத்தினனானான்.

பெட்டியில் பூட்டிய நோட்டும் பத்திரமன்று என்பதை யுத்தம் உணர்த்திற்று. ஜப்பானியரின் வாழைமர நோட்டு 1945இல் வெறுங்காகிதமாயிற்று.

1951இல் ஊழியர் சேமநிதி பிறந்தது. தொழிலாளி 5 சதவீதம் கட்ட, முதலாளியும் 5 சதவீதம் கட்டலானார். அக்காலத்தில் பொதுவாக 55 வயது வரை அதைத் தொட முடியாதிருந்தது. முதுமைக்கு இது பெருந்துணையே. ஆனால் அதே பத்தாண்டில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலையும் லயத்து வீடும் ஒருங்கே பறிபோயின. பூட்டிய பணத்தால் அந்தக் கூரையைக் காக்க இயலவில்லை.

இக்குறையைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளியாகச் சேர்ந்த தொழிலாளர் பணம் தோட்டங்களை வாங்கிற்று. கூலியின் சேமிப்பு நிலமாக மாறியது!

இன்றோ, 2024 மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சேமநிதிச் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. 75 சதவீதம் முதுமைக்கு. 15 சதவீதம் வீடு, கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கு. 10 சதவீதம் எந்நேரமும் எடுப்பதற்கு. எடுக்கலாம் என்பதாலேயே எடுத்துவிடலாகாது. வேலை போனால் லயமும் போகும் என்னும் நிலை நீங்காதவரை, சொந்த வீட்டுக்கென்று தனியே ஒரு சேமிப்பு அவசியம். கணக்குப் புத்தகம் பிடிக்கும் கிராணிமார்களாகிய நாம் இதனை ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்வது கடமையாகும்.