கான்கிரீட் விழுமுன் எந்த வரைபடம் செல்லும்? ஆர்.கே.புரத்திலிருந்து ஒரு வாதம்

ஆர்.கே.புரம் ஆறாம் செக்டரில் காமகோடி மார்க் என்று ஒரு சாலை இருக்கிறது. இந்தியக் கட்டடங்கள் காங்கிரஸும் 1934-இல் தொடங்கிய இந்தியச் சாலைகள் காங்கிரஸும் அந்தச் சாலையில்தான் இயங்குகின்றன. முதல் செக்டரின் சேவா பவனில் மத்திய நீர் ஆணையமும் மத்திய மின்சார ஆணையமும். ரிங் ரோட்டை ஒட்டிய பிகாஜி காமா பிளேஸில் எஞ்சினியர்ஸ் இந்தியா நிறுவனம். மலை மந்திருக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ போய்வரும் தில்லித் தமிழர்கள் இவற்றைக் கடந்துதான் போகிறோம். நாடு முழுக்கச் சாலை போடுகிறவர்களும் அணை கட்டுகிறவர்களும் கைக்கொள்ளும் விதிகள் பல இந்தச் சில செக்டர்களுக்குள் எழுதப்படுகின்றன. கட்டுமானக் குழுக்களை கிளவுட் வழி மாதிரியால் ஒருங்கிணைப்பது பற்றிய இந்த வாதத்தை இங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. மென்பொருளைவிட விதியைப் பற்றியே இங்கு நான் அதிகம் பேசப்போகிறேன்.

கட்டடத் தகவல் மாதிரியைத் தளத்தில் எல்லோரும் 'பிம்' என்றே சொல்கிறார்கள். சுவர், விட்டம், குழாய், கேபிள் ட்ரே எதையும் வெறும் கோடாக வரையாமல், அளவும் பொருளும் விவரமும் தாங்கிய உருப்படியாகக் கணினியில் அமைப்பது இதன் அடிப்படை. அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஈஸ்ட்மன் இந்த எண்ணத்தை 1975-இலேயே எழுதிவிட்டார். கிளவுட் வெகுகாலம் கழித்து வந்து சேர்ந்தது. கட்டடக் கலைஞரின் மாதிரியும் கட்டமைப்புப் பொறியாளரின் மாதிரியும், மின்சாரம், குளிர்சாதனம், குழாய் வேலைகளைப் பார்க்கும் எம்.இ.பி. குழுவின் மாதிரியும் இப்போது மூன்று அலுவலகங்களில் முடங்கிக் கிடப்பதில்லை. ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. கருத்தரங்குகளில் விட்டத்தைத் துளைத்துப் போகும் காற்றுக்குழாயைச் சிவப்பாக்கிக் காட்டி, 'மோதலைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்பார்கள். பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று, இந்த மாடியில், இந்த மேஸ்திரி எந்த வரைபடத்தைப் பார்த்துக் கம்பி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு எல்லாக் குழுக்களுக்கும் ஒரே விடை கிடைப்பதையே கிளவுட் மாதிரியின் தலையாய பயனாக நான் கருதுகிறேன். அந்த விடையை ஒப்பந்தமும் ஏற்க வேண்டும். ஏற்காத தளத்தில் எவ்வளவு நல்ல மாதிரி இருந்தும் வேலை தாளில்தான் நடக்கும்.

ஆர்.கே.புரத்தை ஒட்டிய முகம்மதுபூரைப் பாருங்கள். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தில்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் மூன்றும் அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யின் பொறுப்பு. கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகம்மதுபூர் நான்கும் மத்தியப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. 12,970 வீடுகள் இருந்த இடங்களில் ஏறத்தாழ 25,667 வீடுகள்; முப்பது ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்து மதிப்பீடு ரூ.32,835 கோடி. 2018 ஜூனில் சரோஜினி நகர் மரங்களைக் காக்க மக்கள் தெருவில் இறங்கினார்கள். திட்டம் முழுவதிலும் 16,000-க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்று அப்போது பேசப்பட்டது. தில்லி உயர்நீதிமன்றம் மரம் வெட்டத் தடை விதித்தது; வடிவமைப்பு மறுபரிசீலனைக்குப் போனது.

ஒரு மரம் நிற்கட்டும் என்று முடிவானால் என்ன ஆகும்? அடித்தளக் கார் நிறுத்தத்தின் விளிம்பு உள்ளே நகரும். விளிம்போடு தூண் வரிசை நகரும். தூணோடு கம்பி வளைவு அட்டவணை, சரிவுப் பாதை, மழைநீர்க் குழாய், தீயணைப்பு வண்டி திரும்பும் இடம் எல்லாம் மாறும். அத்தனை குழுக்களுக்கும் அந்த மாற்றம் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். ஒரு குழு மட்டும் பழைய தாளோடு இருந்துவிட்டால், மற்ற எல்லோரும் சரியாக இருந்தும் பிழை நேரும்.

இது கற்பனையான அச்சம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் தென் தில்லியில் ஒரு பல மாடிக் குடியிருப்பு வேலையில் நான் கண்ணால் கண்டேன். வீடுகளுக்கான எம்.இ.பி. மாதிரியில் கழிப்பறைக் குழாய் ஒன்று விட்டத்தில் இடிப்பதை மென்பொருள் இரண்டு மாதம் முன்பே காட்டிவிட்டது. பொறியாளர்கள் பேசி, தளத்தில் குழாய்க்காக விட வேண்டிய ஸ்லீவை 300 மில்லிமீட்டர் தள்ளி வைத்தார்கள். மாதிரியில் எல்லாம் சரியாகிவிட்டது. தளத்திலோ கம்பி கட்டும் மேஸ்திரியின் கையில், மடிப்பு கிழிந்து செல்லோடேப் ஒட்டிய தாளின் மூலையில் 'ஆர்2', அதாவது இரண்டாம் திருத்தம், என்றிருந்தது. அலுவலகக் கொட்டகையின் திரையில் அதே வரைபடம் 'ஆர்4'. கான்கிரீட் விழுந்து மூன்று வாரம் கழித்துக் கோர் கட்டிங் இயந்திரம் வந்தது. வெட்டியெடுத்த கான்கிரீட் உருளையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் பக்கவாட்டில் இரண்டு கம்பிகளின் வெட்டுவாய் புதுக்காசு போல மின்னியது. அந்த வெட்டுக்குப் பிறகு தளத்தின் வலிமையை மறுபடி கணக்கிட்டு, கீழே உறுதிப்பட்டை ஒட்ட வேண்டியதாயிற்று. மேஸ்திரி தன்னிடம் இருந்த முத்திரையிட்ட தாளைப் பார்த்துத்தான் வேலை செய்தார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

2018-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19650 தரநிலை இந்த இடைவெளியைக் குறிவைத்தே எழுதப்பட்டது என்பேன். பொதுத் தரவுச் சூழல் என்று அது குறிப்பிடும் இடத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு நிலைகள் உண்டு: வரைபவரிடமே வேலையில் இருப்பது, மற்றக் குழுக்களோடு பகிர்ந்தது, கட்டுவதற்கென வெளியிட்டது, காப்பகத்தில் வைத்தது. பகிர்ந்ததற்கும் வெளியிட்டதற்கும் நடுவே ஒரு வாயில். ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ளவர் திறந்தாலொழிய கோப்பு அதைக் கடக்க முடியாது. கடந்த நேரம், கடத்தியவர் பெயர், பழைய திருத்தத்தின் கதி எல்லாம் பதிவாகும். முப்பரிமாணத்தைக் கழற்றி எறிந்துவிட்டாலும் இந்த வாயில் ஒன்றே கிளவுட்டை நியாயப்படுத்தும்.

குழுக்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது பழைய தொழில். விளக்கு மேசையில் டிரேசிங் தாள்களை அடுக்கிப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. மெட்ரோ வேலைகளில் 'கம்பைண்ட் சர்வீசஸ் டிராயிங்' என்றொரு தனி வகையே உண்டு. 2018 மே மாதம் திறந்த மெஜந்தா வழித்தடப் பகுதியில் ஆர்.கே.புரம் ஒரு சுரங்க நிலையம். சிவில் வேலை, சுரங்கக் காற்றோட்டம், மின்சாரம், சிக்னல், நடைமேடைக் கதவுகள் எல்லாம் ஒரே கூரையடியில் அங்கே இடம் கேட்கின்றன. நடைமேடையில் நின்று மேலே பார்க்கும் பயணிக்குப் பொய்க்கூரை மட்டுமே தெரியும். எந்தக் குழாய் மேலே, எது கீழே என்ற மாதக்கணக்கான வழக்கு அதற்குப் பின்னால்தான் நடந்து முடிந்திருக்கும். நாக்பூர் மெட்ரோ காலத்தையும் செலவையும் மாதிரியோடு பிணைத்த '5டி பிம்' முறையைத் திட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கையாண்டதால் நம் நாட்டில் அடிக்கடி எடுத்துக்காட்டாகிறது. வெளிநாட்டிலும் இது புதிதில்லை: பிரிட்டன் அரசு 2016-இலிருந்து தன் மைய அரசுத் திட்டங்களுக்கு பிம்மைக் கட்டாயமாக்கியது.

கிளவுட் மாதிரி வேண்டும் என்பதற்குத் தில்லிக்கென்றே ஒரு காரணமும் இருக்கிறது. கருத்தரங்குகளில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று கெட்டுப்போனதும் கட்டுமானத்துக்குத் தடை வருகிறது. 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் தடையை மீண்டும் விதித்தபோது, மாசு எழுப்பாத குழாய் வேலை, மின் வேலை, தச்சு வேலை, உள் அலங்காரம் ஆகியவற்றை அனுமதித்தது. தொழிலாளர் நலவரி நிதியிலிருந்து வேலையிழந்தவர்களுக்கு வாழ்வுப்படி தரவும் சொன்னது. தளத்தில் இதன் பொருள் என்ன? கான்கிரீட் குழு ஊருக்குப் போய்விடுகிறது, குழாய்க் குழு உள்ளே நுழைகிறது. எந்த மாடியில் எது எந்தத் திருத்தத்தின்படி முடிந்தது, எந்த ஸ்லீவ் விடுபட்டது என்று சொல்லக்கூடிய மேஸ்திரி அப்போது ரயிலில் இருக்கிறார். அவர் தலையில் இருந்ததை மாதிரியில் ஏற்றி வைத்த தளம் அந்தத் தடைக் காலத்தை வேலைநாட்களாக்கிக்கொள்ளும். ஏற்றி வைக்காத தளத்தில் குழாய்க்காரர்கள் கூலி வாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள், அல்லது ஊகித்துத் துளை போடுவார்கள்.

இனி ஒப்பந்தம். நம் பொதுப்பணி ஒப்பந்தங்களில் பணத்தைத் தீர்மானிப்பது அளவீட்டுப் புத்தகம், காலத்தைத் தீர்மானிப்பது தடைப் பதிவேடு. வரைபடம் எப்போது தரப்பட்டது, மாற்றம் எப்போது சொல்லப்பட்டது என்று தடைப் பதிவேட்டில் இரு தரப்பும் கையெழுத்திட்ட வரிதான், கால நீட்டிப்பு கேட்கும்போதும் நடுவர் முன் நிற்கும்போதும் பேசும். கிளவுட்டில் நொடி பிசகாமல் பதிவான நேரமுத்திரைக்கு ஒப்பந்தம் எந்தத் தகுதியையும் சொல்லாதபோது, இளநிலைப் பொறியாளர் அதை நம்பி ஏன் தாளைக் கைவிடுவார்? தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. அவருடைய தயக்கத்தைப் பழமைவாதம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சட்டம் இதில் ஒப்பந்தத்தைவிட முன்னே போயிருக்கிறது. மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாக்க உரிய சான்றிதழ் கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் மதிப்பு மாறிவிடும். வெளியிடப்பட்ட ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதைக் கணித்து வைப்பது கணினிக்கு எளிது. தாளின் மூலையில் உள்ள ரப்பர் முத்திரைக்கு அந்த உறுதி என்றைக்கும் இருந்ததில்லை.

எதிர்வாதங்களில் இரண்டை மதிக்கிறேன். அரசுக் கட்டடங்களின் உள்ளமைப்பு வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வரில் கிடக்கலாமா என்பது ஒன்று. அரசின் மேகராஜ் திட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட, நாட்டுக்குள்ளேயே தரவை வைக்கும் சேவைகள் உண்டு. மாதிரியை ஐஎஃப்சி போன்ற பொது வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிட்டால் எந்த நிறுவனத்திடமும் சிறைப்பட வேண்டியதில்லை. மற்றது இன்னும் கனமானது. சென்ட்ரிங் அடிப்பவரும் கம்பி வளைப்பவரும் துணை ஒப்பந்தத்துக்கும் துணை ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். மென்பொருள் உரிமம் அவர்களுக்கு எட்டாத விலை. சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களின் திட்டங்கள் பிம் வடிவில்தான் ஒப்புதலுக்குப் போகின்றன. அங்கே கம்பி கட்டுகிறவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு மாதிரியைத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையில் உள்ள தாள் செல்லுமா என்று பார்க்கத் தெரிந்தால் போதும், அதற்கு ஒரு செல்போன் போதும். தாளின் மூலையில் ஒரு கியூஆர் சதுரம். படம்பிடித்தால் பச்சை அல்லது சிவப்பு. எழுத்துக்கூட்டி இந்தி படிப்பவருக்கும் அது புரியும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், போர் கார்டிலிருந்து என்பேன். கான்கிரீட் போடுமுன் கம்பி, சென்ட்ரிங், எம்.இ.பி., தரக் கட்டுப்பாடு எனப் பலரும் கையெழுத்திட வேண்டிய அட்டை அது. கையெழுத்து முடியாமல் கலவை லாரியைத் தளத்துக்குள் விட மாட்டார்கள். அந்த அட்டையில் இரண்டு கட்டங்களைக் கூட்ட வேண்டும்: வெளியிடப்பட்ட திருத்தத்தின் எண், அதைக் கிளவுட்டில் சரிபார்த்த நேரம். அவ்விரண்டும் தடைப் பதிவேட்டு வரிக்கு நிகரான சான்று என்று ஒப்பந்தத்தின் பொது நிபந்தனைகளில் ஒரு வாக்கியம் சேர வேண்டும். கம்பிக்கான கட்டத்தில் கையெழுத்திடும் இடம் தளப் பொறியாளருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. பக்கத்திலேயே, தாளை வைத்து வேலை செய்த மேஸ்திரிக்கும் ஒரு வரி விட வேண்டும்.