அரசமரம் சொன்ன கதை

பிரிட்டிஷார் கைக்கு எட்டாமல் புதுச்சேரியில் தங்கியிருந்த வ.வே.சு. ஐயர் 1917-இல் வெளியிட்ட ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுப்பு இன்றும் வாசிக்கத் தக்கது. அதைத் ‘தமிழின் முதல் சிறுகதைத் தொகுப்பு’ என்று மட்டும் போற்றுவது அதற்கு நியாயம் செய்யாது. பாரதியும் மாதவையாவும் முன்பே கதை எழுதியவர்கள். முதன்மை பற்றிய வழக்கு தீராது. தொகுப்பின் பெருமை வடிவ உணர்வில் இருக்கிறது. 1915-இல் ‘விவேகபோதினி’ இதழில் வந்து இத்தொகுப்பில் இடம்பெற்ற ‘குளத்தங்கரை அரசமரம்’ ஒரு பெண்ணின் அழிவை மரத்தின் வாயால் மட்டுமே சொல்கிறது. மரம் காணாததும் கேளாததும் கதைக்குள் வராது.

இது தாகூரின் படித்துறைக் கதையைத் தழுவியது என்பார்கள். சொல்லும் உத்தி அங்கிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் தாகூரின் குசும் இளம் விதவை. ஐயரின் ருக்மிணியோ, 1906-இல் சென்னையில் திவாலான அர்பத்நாட் கம்பெனியில் தந்தையின் பணம் போனதும் புகுந்த வீட்டாரால் ஒதுக்கப்படும் மனைவி. தென்னாட்டுக் குடும்பங்களை உலுக்கிய பண இழப்பும், பணத்தை வைத்து மருமகளை எடைபோடும் வழக்கமும் அந்தக் குளத்தங்கரையில் ஒன்றுசேர்கின்றன. கடன் வாங்கிய உத்திக்குள் இந்த மண்ணின் துயரத்தை வைத்ததே ஐயரின் சாதனை.